ஞானத்தகப்பன் எழுதிய குறிப்பு

அத்தியாயம் 9

போன வாரம் மரிய செல்வத்தை, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு, சனிக்கிழமை சாயங்கால வண்டியில் அரியலூர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டோம். வீடு வந்து சேர்ந்தான். சாப்பிட்டான். தூங்கினானா என்று கேட்காதீர்கள்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. மரிய செல்வம் திருச்சி விமான நிலையத்தில் பொன்னி ஏர்வேஸ் கம்பெனியின் டிராபிக் கிளார்க். அதே ஆபீஸில் அதே வேலை பார்க்கிறவன் அவன் தங்கை பாத்திமா மேரியின் புருஷன் அருளானந்தம். வருகிற ஜூலை முதல் தேதியோடு பொன்னி ஏர்வேஸை ஒரு பெரிய பம்பாய்க் கம்பெனி தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இரண்டு கிளார்க்கில் ஒருவனுக்கு மெட்ராஸ் ஆபீஸில் வேலை. இன்னொருவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

யார் போவது என்று பம்பாய்க்காரன் முடிவு செய்யவேண்டும். அவன் முடிவு செய்வதற்கு வசதியாக ஆள் பட்டியலைத் தயார் செய்தவன் நம் மரிய செல்வம். அருளானந்தத்தின் பெயருக்கு எதிரே குறிப்பு என்ற கட்டத்தில் அவன் ஒரே ஒரு வரி டைப் அடித்தான். அந்த ஒரு வரிதான் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனைத் தூங்க விடவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பாத்திமா மேரியின் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் யார் தெரியுமா? இதே மரிய செல்வம்.

நல்ல ஆளைப் பிடித்தார்கள் போங்கள்!

*

காலையிலேயே வீடு அமளிப்பட்டது. அம்மா அற்புதம்மாள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தாள். பாத்திமா மேரி உள் அறையில் குழந்தையோடு கிடந்தாள். பிள்ளை பெற்று பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. நாற்பது நாள் கழியாமல் அவள் கோயில் படி ஏறக்கூடாது என்பதால், தன் குழந்தையின் ஞானஸ்நானத்தை அவளே பார்க்க முடியாது. அதில் அவளுக்கு ஒரே குறை.

"அண்ணே, சாமியார் தண்ணி ஊத்தறப்ப அவ அழுதாளா சிரிச்சாளான்னு ஒண்ணுவிடாம வந்து சொல்லணும்."

"சொல்றேன் பாத்திமா."

"அவங்க கிட்ட கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவங்க என்றால் அருளானந்தம். அவன் முந்தின நாளே பெரம்பலூரிலிருக்கும் தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தான். அக்காள் சூசையம்மாள்தான் ஞானத்தாய். இரண்டு பேரும் ஒன்பது மணி பஸ்ஸில் வரவேண்டும்.

அற்புதம்மாள் மகனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"ஏன் செல்வம், ஒங்க கம்பெனியை வித்துட்டாங்களாமே?"

"விக்கலம்மா. சேத்துக்கறாங்க. நம்மகிட்ட மூணு பிளேன். அவங்ககிட்ட இருபத்திரண்டு. இதுவரைக்கும் திருச்சிதான் நடுவுல. இங்கேருந்து மெட்ராஸுக்கு ஒண்ணு, கொழும்புக்கு ஒண்ணு, மதுரை வழியா திருவனந்தபுரத்துக்கு ஒண்ணு, கோயமுத்தூர் வழியா பெங்களூருக்கு ஒண்ணு. இனிமே நடு மெட்ராஸ். எல்லா பிளேனும் அங்கதான் கிளம்பும், அங்கதான் வந்து சேரும். திருச்சி சும்மா ஒரு ஸ்டேஷன்."

"அப்ப திருச்சிக்காரன் பெங்களூர் போகணும்னா?"

"மெட்ராஸ் போயி, மாறிப் போகணும்."

"நல்லாயிருக்குடா கூத்து! பக்கத்து வூட்டுக்குப் போறதுக்குப் பட்டணத்தைச் சுத்திப் போறதா? அவன் பெரிய கம்பெனியா, பைத்தியக்காரக் கம்பெனியா?"

மரிய செல்வம் சிரித்தான். ஆறு நாளில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த கேள்வியில் அந்தச் சிரிப்பும் போயிற்று.

"மாப்பிள்ளையையும் மெட்ராஸுக்குத்தானே போடறாங்க? நீதானே வாத்தியார் வேலையை விடச் சொல்லி அவரை இழுத்துக்கிட்டுப் போன? நீ பாத்துக்குவேன்னு நான் பாத்திமாகிட்ட சொல்லிட்டேன்."

காப்பி நாக்கைச் சுட்டது. நல்லவேளை, பதில் சொல்லாமலிருக்க அது ஒரு சாக்காயிற்று.

*

அந்த வரி என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாசி மாதம் ஒரு கல்யாணக் கோஷ்டி கொழும்பு விமானத்துக்கு வந்தது. வியாபாரி வீட்டுப் பெண்கள் எட்டுப் பேர். விமானத்தில் ஏறுகிறவர்கள் பெட்டியோடு தாங்களும் தராசில் ஏறி நிற்கவேண்டும் என்பது சட்டம். மொத்த எடை தெரியாமல் விமானத்தைக் கிளப்பக் கூடாது. தராசுக்குப் பக்கத்தில் நின்று எடையைப் படித்துச் சொல்வது அருளானந்தம். மேஜையில் உட்கார்ந்து சீட்டில் எழுதுவது மரிய செல்வம்.

கோஷ்டியில் மூத்த அம்மாள் தராசைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தாள்.

"நாங்க என்ன வெங்காய மூட்டையா? இத்தனை ஆம்பளைங்க எதிர்ல ஏறி நின்னு எத்தனை கனம்னு ஏலம் போடறதுக்கு?" என்றாள். மற்ற ஏழு பேரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பின்னால் நின்றுகொண்டார்கள்.

பெரிய மனுஷியை வற்புறுத்துவது எப்படி? அக்காள் தங்கையோடு பிறந்தவனுக்கு அது முடிகிற காரியமா? "போங்கம்மா, போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு நூறு பவுண்டு என்று மரிய செல்வம் தன் கையாலேயே எழுதிவிட்டான். அருளானந்தம் "வேணாம் மச்சான், உள்ள கூட்டிட்டுப் போய் பொம்பளை ஆளை வச்சு எடை பாத்துடலாம்" என்று சொல்லத்தான் சொன்னான். நேரமாகிறது என்று இவன் கேட்கவில்லை.

விமானம் ஓடுபாதை முழுக்க ஓடியும் மேலே எழும்பவில்லை. வேலிக்கு இருபது கஜம் இருக்கும்போது பைலட் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். உள்ளே இருபத்தோரு உயிர். ஒரு புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேரையும் நிஜமாகவே எடை பார்த்தபோது, புடவை மடிப்புக்குள் இருந்த வெள்ளிப் பாத்திரங்களோடு சேர்த்து நானூறு பவுண்டு அதிகம்.

மானேஜர் கத்திக்கொண்டே வந்தார். மரிய செல்வத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வாரம்தான் அவனுக்கு சீனியர் கிளார்க் உத்தரவு வரவேண்டும். அருளானந்தம் முன்னால் வந்து, "நான்தான் சார் எடையைத் தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேன்" என்றான். அப்புறம் தனியே, "எனக்கென்ன மச்சான், நாலு திட்டு. ஒங்களுக்கு உத்தரவே போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

இப்போது அந்தக் குறிப்புக் கட்டத்தைப் படியுங்கள்: "பிப்ரவரியில் கொழும்பு விமானத்தின் எடைத் தவறுக்குக் காரணமானவர்."

பொய்யா? ரிக்கார்டில் இருப்பதுதானே என்று மரிய செல்வம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தான் எவ்வளவு கேடுகெட்டவன் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

*

பஸ் சொன்னபடி ஒன்பது மணிக்கு வந்தது. அருளானந்தம் அக்காளோடு வந்து இறங்கினான். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் குழந்தைக்கு வெள்ளை உடுப்பு. சண்டைக் காலத்துப் பாராசூட் பட்டு, திருச்சியில் ஏலத்தில் எடுத்தது. சூசையம்மாள் தைத்திருந்தாள். கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மாப்பிள்ளையை வாங்க வாங்க என்று அற்புதம்மாள் ஆர்ப்பாட்டமாய் வரவேற்றாள். பெண்கள் உடுப்பைப் பார்க்க உள்ளே போனதும், அருளானந்தம் மச்சானைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனான். முகம் கழுவினான். துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், அந்த லிஸ்ட்டு விஷயம் ஒங்களுக்கு ஏதும் தெரிஞ்சுதா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. யாரும் இல்லை. கேள்வியும் அவனே கேட்டுவிட்டான்.

"ஒண்ணும் தெரியல மாப்பிள்ளை. மானேஜர்தான் வச்சிருக்காரு. நாளைக்குக் காலைல பிளேன்ல மெட்ராஸ் எடுத்துக்கிட்டுப் போறாரு."

"அப்படியா?" என்றான் அருளானந்தம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

*

ஞானத்தகப்பனாக நிற்கிறவன் அன்று காலையில் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். அந்தக் குடும்பத்தில் அது தலைமுறை வழக்கம். பத்து மணிக்கு மரிய செல்வம் கோயிலுக்குப் போய், மரத்தட்டியின் முன்னால் முழங்காலில் நின்றான். கோபத்தைச் சொன்னான், பொய்யைச் சொன்னான், பூசை காணாத ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னான். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த வரியையும் சொன்னான்.

தட்டிக்கு அப்பால் சாமியார் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பட்டியல் இன்னும் போகலையே?"

"நாளைக்குக் காலைல போகுது சுவாமி."

"அப்ப நீ எழுதினதை நீயே அடிச்சுப் போட முடியும். திருடின பொருளைக் கையில் வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும் சுவாமி."

"இன்னிக்கே செய்வியா?"

"இன்னிக்கே செய்யறேன்."

"சர்வேசுரன் முன்னால சொல்ற."

"சொல்றேன் சுவாமி."

பாவப்பொறுத்தல் கிடைத்தது. வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. நேரே ஸ்டேஷனுக்கு நடந்தான். ஞாயிற்றுக்கிழமை தபாலாபீஸ் கிடையாது. ரயில்வே தந்திதான் கதி.

தந்தி குமாஸ்தா வைத்திலிங்கம் தெரிந்த மனுஷர். தந்தி பாரத்தை நகர்த்தி வைத்தார்.

"என்ன தம்பி, ஞாயித்துக்கிழமை தந்தி? நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"ஆபீஸ் விஷயம் சார்."

மரிய செல்வம் திருச்சி மானேஜருக்கு எழுதினான். எடைத் தவறு என்னுடையது, அருளானந்தத்தின் குறிப்பை நீக்கவும், விவரம் நேரில், மரிய செல்வம். இங்கிலீஷில் ஒன்றரை வரிதான் வந்தது. ஒரு தடவை படித்தான். மறுபடியும் படித்தான்.

படிக்கப் படிக்க வரதராசன்பேட்டை கண்ணில் வந்து நின்றது. அங்கே அவனுக்குப் பார்த்திருந்த பெண். பெண்ணின் தகப்பனார் போன மாதம் வந்து, மெட்ராஸ் உத்தியோகம் உறுதியாகட்டும், அடுத்த ஞாயிறே கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தத் தந்தி போனால் மெட்ராஸ் போயிற்று. மானேஜர் திருச்சியில்கூட வைத்துக்கொள்ள மாட்டார். இருபத்தோரு உயிர் விஷயம் ஆயிற்றே!

"குடுங்க தம்பி. லைன் சும்மாதான் இருக்கு" என்றார் வைத்திலிங்கம்.

"ஒரு வார்த்தை சரிபார்க்கணும் சார். சாயங்காலம் வந்து கொடுக்கறேன்."

"ஆறு மணிக்குள்ள வந்துடுங்க."

பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சர்வேசுரன் முன்னால் சத்தியம் செய்தவன்! அடிக்கலாம் போல் இருக்கிறதா? எனக்கும்தான். ஆனால் அவன் அனுப்பவே மாட்டேன் என்று முடிவு செய்யவில்லை. சாயங்காலம் என்றுதான் முடிவு செய்தான்.

*

நாலு மணிக்கு ஞானஸ்நானம். சூசையம்மாள் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றாள். பாராசூட் பட்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரிய செல்வம் குழந்தையின் தோளில் வலது கையை வைத்தான். வாய் பேசாத சிசுவுக்காக அவன்தான் பதில் சொல்லவேண்டும்.

சாமியார் புஸ்தகத்தைப் பார்த்து, குழந்தைக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அடைக்கலமேரி, பசாசை விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்."

"அதன் கிரியைகளை எல்லாம் விட்டுவிடுகிறாயா?"

மரிய செல்வத்தின் கை குழந்தையின் தோளிலிருந்து நெஞ்சுக்குப் போயிற்று. சட்டைப் பையில் காகிதம் மொடமொடத்தது. சாமியார் புஸ்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே முகத்தில்கூடக் காட்டக்கூடாது. காட்டவுமில்லை. அதே குரலில் இன்னொரு தடவை கேட்டார்.

"அதன் கிரியைகளை எல்லாம் விட்டுவிடுகிறாயா?"

"விட்டு... விட்டுவிடுகிறேன்."

"மச்சானுக்கு வெயில் ஒத்துக்கல" என்று அருளானந்தம் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான். குழந்தை தண்ணீர் விழுந்ததும் வீறிட்டு அழுதது.

*

திரும்பும்போது வழக்கப்படி குழந்தை ஞானத்தகப்பன் கைக்கு வந்தது. சூசையம்மாளும் அற்புதம்மாளும் மற்ற பெண்களும் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் பின்னால். மரிய செல்வத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"வியாழக்கிழமை நீங்க ஆபீஸ் வேலையா மெட்ராஸ் போயிருந்தப்ப மானேஜர் என்னைக் கூப்பிட்டாரு. ஒரு ஆள் மேல குறை எழுதினா, அந்த ஆள்கிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கணுமாம். பம்பாய்க்காரங்க சட்டம். காட்டினாரு. ஒங்க மெஷின்ல அடிச்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஒங்க மெஷின்ல ‘எம்’ எழுத்துப் பாதிதானே விழும்."

மரிய செல்வம் நின்றுவிட்டான்.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன். அன்னிக்கு என் தப்புன்னு வாயால சொன்னேன். இப்ப இல்லைன்னு சொன்னா அன்னிக்குப் பொய் சொன்னேன்னு ஆகும்."

"ஏன் மாப்பிள்ளை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"காலைல கிணத்தடியில கேட்டேனே."

அடித்திருந்தால் தேவலை. மரிய செல்வம் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் தந்தி பாரத்தை எடுத்து நீட்டினான். அருளானந்தம் அதைப் படித்தான். மடிப்புக் கலையாமல் மறுபடி அவன் சட்டைப் பையிலேயே வைத்தான்.

"அனுப்பாதீங்க."

"இல்ல மாப்பிள்ளை, நான்..."

"கேளுங்க. இது போனா நீங்க எடையைத் தப்பா எழுதினவர், நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன். ரெண்டு பேரையும் வெளியே தள்ளிடுவான். பெரம்பலூர்ல என் பழைய வாத்தியார் வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட போய் நிப்பேன்? ஒருத்தராவது வேலைல இருக்கணும் மச்சான். வியாழக்கிழமைக்கு அப்புறமும் ஒங்களைத்தான் ஞானத்தகப்பனா வச்சேன். வேணும்னுதான் வச்சேன். ஒங்களால இனிமே அவளை விட்டுட முடியாது."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரலில் சொன்னான்.

அனுப்பாதீர்கள் என்று கேட்டதும் மரிய செல்வத்தின் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது பாருங்கள். ஒரு கணம்தான். அப்பாடா என்று ஒரு மூச்சு. எழுதிய வரியைக்கூட அவன் என்றைக்காவது மறக்கலாம். அந்த மூச்சை மட்டும் அவனால் மன்னிக்கவே முடியவில்லை. அவமானத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்திமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். பச்சை உடம்பு."

*

வீட்டு வாசலில் பாத்திமா மேரி நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போய்வந்த குழந்தையை ஞானத்தகப்பன்தான் வாசற்படியில் தாயிடம் கொடுக்கவேண்டும். "உன் பிள்ளையாக வாங்கிப் போனேன், சர்வேசுரன் பிள்ளையாகக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லிக் கொடுக்கவேண்டும்.

பெண்கள் சுற்றி நின்றார்கள். பாத்திமா மேரி சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் நீட்டினாள்.

"அழுதாளா அண்ணே? சொல்லுங்க, அழுதாளா?"

மரிய செல்வம் வாயைத் திறந்தான். வழக்கமான வார்த்தை வரவில்லை. அவள் கண் அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பாரத்தில் விழுந்தது. தந்தி என்றால் சாவுச் செய்தி என்றுதான் அரியலூரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"அது தந்தித்தாள்தானே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று அருளானந்தம் அவசரமாக முன்னால் வந்தான். "மச்சானுக்கு மெட்ராஸ் வேலை கிடைச்சுடும் போல இருக்கு. அதான்."

"அம்மாடி, பயந்தே போயிட்டேன்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒங்களுக்கு?"

அருளானந்தம் மச்சானைப் பார்த்தான். ‘வேண்டாம்’ என்பதுதான் அந்தப் பார்வை. சும்மா இருந்தால் போதும். தங்கை இன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிடுவாள். மெட்ராஸ் வேலையும் கையை விட்டுப் போகாது. மாப்பிள்ளையே சம்மதித்துவிட்டான். ஊரில் ஒருவன் ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

மரிய செல்வம் குழந்தையைத் தங்கையின் கையில் வைத்தான்.

"ஒன் புருஷனுக்கு வேலை போகப்போவுது பாத்திமா. மாசி மாசம் அந்த எடையைத் தப்பா எழுதினது நான். பழியை அவரு ஏத்துக்கிட்டாரு. நான் அதை அவரு பேர்லயே எழுதி மேலே அனுப்பறதுக்குக் கொடுத்திட்டேன். மெட்ராஸ் வேலை எனக்கு வரணும்னுதான் எழுதினேன்."

அற்புதம்மாள் "ஐயோ, சேசுவே" என்றாள். உள்ளே சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. ஸ்டேஷனில் தந்தி ஆறு மணி வரைக்கும்.

பாத்திமா மேரி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். ஏசுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஏசவில்லை. குழந்தையின் தோளில் அவன் கை இன்னும் இருந்தது. அதை மெதுவாக எடுத்து அப்பால் விட்டாள்.

"நீங்க உள்ள வாங்க" என்றாள் புருஷனிடம். "அம்மா, அவங்களுக்கு இலை போடுங்க. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடாம இருக்காங்க."

வீடு அண்ணனுடையதுதான். அவனை அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.